இரண்டாம் படி: சேதுநாட்டு ஆவணக் காப்பின் வரலாறு

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைச் சீமையில் ஓர் ஆவணம் எத்தனை காலம் பிழைத்தது என்பதை அது எழுதப்பட்ட பொருள் மட்டும் முடிவு செய்யவில்லை. அதன் படி, அதாவது மூலத்தைப் பார்த்து எழுதப்பட்ட பிரதி, எங்கே வைக்கப்பட்டிருந்தது, அதில் எழுதும் உரிமை யாரிடம் இருந்தது, மூலம் தொலைந்தபின் அப்படியைக் கொண்டு இழந்ததை மீட்க முடிந்ததா என்பவையே பெரும்பாலும் அதை முடிவு செய்தன. ஓலையைக் கரையான் தின்றது. செம்பு உருக்குவோர் கைக்குப் போனது. கல், திருப்பணியின்போது பெயர்க்கப்பட்டது. தாளைப் புயலும் நெருப்பும் கொண்டுபோயின. இன்று அதே ஆவணங்களின் பாடம் கணினித் தேடுபொறிகளுக்குள் சேர்ந்திருக்கும் நிலையில், அவற்றின் காப்புப் படிகளை எங்கே, எவ்வாறு வைப்பது என்ற வேலை கணினிப் பொறியாளர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மூலம் தொலைந்தபின் உரிமையை மீட்ட செயலுக்குப் பாண்டிய நாட்டில் கிடைக்கும் தெளிவான பழஞ்சான்று வேள்விக்குடிச் செப்பேடு ஆகும். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாண்டியன் நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில், கொற்கைகிழான் வழிவந்த காமக்காணி நற்சிங்கன் என்பவர், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோனுக்கு வழங்கிய வேள்விக்குடி என்னும் ஊர் களப்பிரர் ஆட்சியில் பறிபோனது என்று மன்னன் முன் முறையிட்டார். அரசன் அதை அப்படியே ஏற்கவில்லை. அவ்வுரிமையின் பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு பணித்தான். நற்சிங்கன் மெய்ப்பித்தபின் ஊர் மீண்டும் வழங்கப்பட்டு, அந்த வழக்கின் கதையே புதிய செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. மூல ஆவணம் எதையும் அவர் காட்டியதாகச் செப்பேடு கூறவில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நாட்டார், அதாவது வட்டார நிலவுடைமையாளர் அவையினர், தம் நினைவில் வைத்திருந்த படியே மீட்புக்குப் போதுமானதாயிற்று.

கல்வெட்டுகளிலும் இந்த அக்கறை தெரிகிறது. அரசாணையைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ள இசைவு தரும் வாசகம் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் பலமுறை வருகிறது. ஒரே செய்தி இரண்டு பொருள்களில், இரண்டு இடங்களில் இருக்கட்டும் என்பது அதன் நடைமுறை விளைவு. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவர்களில் மீண்டும் வெட்டச் செய்தார். மூலக் கற்கள் இன்று இல்லை, இருப்பவை படிகள். பிற்காலத் திருப்பணியாளர் பலருக்கு அந்தப் பொறுப்பு இருக்கவில்லை என்பதைத் தமிழகக் கோயில்களில் தலைகீழாகவும் பாதி வெட்டுண்டும் கிடக்கும் எழுத்துக் கற்களே சொல்லும்.

சேதுநாட்டில் இந்த மரபு செறிவாகத் தெரிவது சேதுபதி மன்னர் காலத்தில்தான். மதுரை நாயக்கர் ஆட்சியின்கீழ்ப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், சடைக்கன் உடையான் சேதுபதியோடு தொடங்கிய இவ்வரச வழி, இராமேசுவரம் செல்லும் பயணிகளின் பாதுகாப்பையும் கோயிலின் அறக்கட்டளைகளையும் தன் முதற்கடமையாகக் கொண்டிருந்தது. கிழவன் சேதுபதி எனப்பட்ட இரகுநாத சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிய பின்னரும், அவருக்குப் பின் வந்தோர் காலத்திலும், கோயில்களுக்கும் மடங்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தனியாருக்கும் செப்பேடுகள் வழங்கப்பட்டன. இவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது போன்றது. முதலில் சக ஆண்டும் அறுபதாண்டுச் சுழற்சியில் அமைந்த தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் நாளும். அடுத்து, சில ஏடுகளில் பாதி இடத்தை விழுங்கிவிடும் அளவுக்கு நீளும் அரசனின் விருதுப் பெயர்கள். அதன்பின் கொடையின் பொருள், நிலமாயின் அதன் நான்கெல்லை. இறுதியில், தர்மத்தைக் காத்தவர் பெறும் புண்ணியமும் அழித்தவர் அடையும் பாவமும். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற தோஷத்தில் போவான் என்ற வகைச் சாபம், பூட்டும் காவலும் எட்டாத இடத்திலும் ஆவணத்தைக் காக்கும் என்று நம்பப்பட்டது.

செப்பேட்டின் சிறப்பு அதைத் திருத்த இயலாமை. உளியால் வெட்டிய எழுத்தை அடித்து அழித்தால் தடயம் பளிச்சென்று தெரியும். ஆகவே கொடையில் மாற்றம் வேண்டுமானால் புதிய ஏடு வெட்டப்பட்டது, பழைய ஏடு பழையபடியே இருந்தது. எழுதும் உரிமை அரண்மனையின் பக்கம் இருந்தது; ராயசம் எனப்பட்ட எழுத்து அலுவலர் வாசகத்தை அமைக்க, அதைக் கொத்துவோர் செம்பில் ஏற்றினர். கொடை பெற்றவரோ அதை வைத்திருக்கவும் காட்டவும் மட்டுமே உரிமை பெற்றவர். இந்த ஒழுங்கு குலைந்தபோது போலிச் செப்பேடுகள் பிறந்தன. நில உரிமை வழக்குகள் ஆங்கிலேய நீதிமன்றங்களுக்குச் சென்ற காலத்தில் செப்பேடு என்பது பணமதிப்புள்ள சான்றாகிவிட்டதால், எழுத்தின் வடிவத்தையும் ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட்டுப் பொய்யை மெய்யிலிருந்து பிரிப்பது கல்வெட்டாய்வாளரின் அன்றாட வேலையாயிற்று.

முறையான தொகுப்புப் பணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. ஜேம்ஸ் பர்ஜெஸ், ச. ம. நடேச சாஸ்திரியுடன் சேர்ந்து 1886இல் வெளியிட்ட தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளின் தொகுதியில் சேதுபதிகளின் செப்பேடுகளும் இடம்பெற்றன. மூன்றாண்டுகள் கழித்து, 1889இல், டி. இராஜாராம ராவ் இராமநாதபுரம் சமஸ்தானத்தைப் பற்றிய மானுவலை எழுதினார். அச்சேறியதும் ஆவணத்தின் நிலையே மாறியது: ஒரு குடும்பத்தின் பெட்டியில் கிடந்த ஏட்டின் பாடம் பல நகரங்களின் நூலகங்களில் ஒரே நேரத்தில் இருந்தது. மூல ஏடு பின்னர் எங்கே போனாலும் பாடம் போகவில்லை.

கல்வெட்டுக்குப் படியெடுக்கும் முறை இதைவிட நுட்பமானது. கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, அடர்ந்த முடியுள்ள தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் தாளை இறக்குவர். தாள் அரைகுறையாகக் காய்ந்த நிலையில், துணிப்பொதியில் கருமையைத் தொட்டு ஒற்றினால், மேடான பகுதி கறுத்துப் பள்ளமான எழுத்து வெள்ளையாக நிற்கும். உலர்ந்தபின் தாளை உரித்தெடுத்தால் கல்வெட்டின் அளவும் வடிவும் மாறாத மைப்படி கிடைக்கும். உப்புக்காற்றில் அரிக்கும் கடற்கரைக் கோயில்களின் எழுத்துகளுக்கு இம்மைப்படிகளின் மதிப்பு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் படி எங்கே இருந்தது? நடுவண் அரசின் கல்வெட்டு அலுவலகம் உதகமண்டலத்தில் இருந்து, 1966இல் மைசூருக்கு மாறியது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் சென்றன. தமிழ் ஆய்வாளர் தம் ஊர்க் கல்வெட்டைப் படிக்க மைசூர் செல்ல நேர்ந்த இந்நிலை நீண்டகால மனக்குறையாக இருந்து, 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. மூலத்துக்கு நேரும் ஆபத்து படிக்கும் நேராத அளவுக்குத் தொலைவும், வேண்டுபவர் எட்டும் அளவுக்கு அண்மையும் ஒருங்கே வேண்டும் என்பது இவ்வழக்கின் உள்ளுறை. இரண்டும் எளிதில் ஒன்றுசேர்வதில்லை.

அச்சின் வழியாக நூல்களைக் காப்பதிலும் இராமநாதபுரத்துக்குப் பங்குண்டு. சமஸ்தானத்தின் பொன்னுசாமித் தேவர் 1860களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குப் பொருளுதவி செய்தார். திருக்குறளின் பரிமேலழகர் உரைப் பதிப்பு அவற்றுள் ஒன்று. அவர் மகன் பாண்டித்துரைத் தேவர், பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு, 1901 செப்டம்பர் 14 அன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு தொடங்கிய அதன் இதழான செந்தமிழ், சேதுசமஸ்தானப் புலவர் ரா. இராகவையங்காரை ஆசிரியராகக் கொண்டு, ஏட்டில் மட்டும் இருந்த பல சிறுநூல்களை அச்சிட்டது. பாக் நீரிணையின் இருகரையும் அக்காலத்தில் ஒரே புலமை வட்டாரம். இக்கரைப் பொருளும் அக்கரைப் பதிப்பும் சேர்ந்து ஒரே நூலை இரு நாடுகளிலும் வைத்தன.

இருபதாம் நூற்றாண்டு அந்த ஏற்பாட்டின் பயனை இருமுறை சோதித்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, பாம்பனிலிருந்து சென்ற 653ஆம் எண் பயணியர் ரயிலோடு ரயில் நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம் ஆகியவையும் போயின. அலுவலகத்திலேயே வைக்கப்பட்டு வேறெங்கும் அனுப்பப்படாத தாள்களுக்கு அன்று வேறு கதி இருந்திருக்க முடியாது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் யாழ்ப்பாண வைபவமாலையின் பழம்பிரதியும் இருந்ததாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது; எனினும் அந்நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சேறியிருந்ததால் அதன் பாடம் தப்பியது. அச்சேறாதவை தப்பவில்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் தொகுக்கும் நூலகம் என்னும் திட்டம் 2005இல் தொடங்கியதற்கு அந்த நெருப்பின் நினைவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

இராமநாதபுரத்தின் வரலாற்றாய்வாளர் எஸ். எம். கமால் செப்பேடுகளைத் தேடித் திரட்டிச் ‘சேதுபதி மன்னர் செப்பேடுகள்’ என்ற தொகுப்பை 1992இல் வெளியிட்டார். பின்னர் அவருடைய நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன; அவற்றுள் ‘சேதுபதி மன்னர் வரலாறு’ முதலியவை இன்று தமிழ் விக்கிமூலத்தில் படிக்கக் கிடைக்கின்றன. அத்தளத்தின் தேடலை இயக்குவது, எலாஸ்டிக்சர்ச் என்னும் தேடுபொறியை அடிப்படையாகக் கொண்டு உருவான சிரஸ்சர்ச். தேடுபொறி ஒவ்வொரு முறையும் நூல்களைப் புரட்டுவதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை முன்கூட்டியே தொகுத்த சுட்டியை மட்டுமே பார்க்கிறது. போகலூர் என்று தட்டியதும் பக்கங்கள் வந்து நிற்பது அதனால்தான். விக்கிமீடியா இச்சுட்டிகளை அமெரிக்காவின் வர்ஜீனியா, டெக்சஸ் ஆகிய இரு மாநிலங்களின் தரவு மையங்களில் வைத்திருக்கிறது.

ஷே பானன் 2010இல் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச்சில், காப்புப் படி எடுக்கும் ஸ்னாப்ஷாட் வசதி 2014இல் வந்த 1.0 பதிப்பில் சேர்ந்தது. ஸ்னாப்ஷாட் என்பது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் சுட்டி இருந்த நிலையின் படி. அப்படிகளை வைக்கும் இடம் களஞ்சியம். களஞ்சியத்தை முதலில் பெயரிட்டுப் பதிவு செய்ய வேண்டும்: அமேசானின் எஸ்3, கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ், மைக்ரோசாஃப்ட் அஷூர் ஆகிய மேகச் சேமிப்புகளுள் எது, அதில் எந்தப் பக்கெட், அதாவது பெயரிட்ட சேமிப்புத் தொகுதி, அதற்குள் எந்தப் பாதை என்பவற்றைக் குறிப்பிட வேண்டும். அணுகு சாவிகளை அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதாமல் தனியான சாவிப் பெட்டகத்தில் இடுவது முறை. பதிவு செய்தவுடன் தேடுபொறியின் கணினிகள் அனைத்தும் அந்த இடத்தை எட்ட முடிகிறதா என்று சோதிக்கப்படுகிறது. ஒன்று எட்டாவிட்டாலும் பதிவு தவறுகிறது. சுட்டி, ஒருமுறை எழுதியபின் மாறாத சிறு துண்டுகளால் ஆனது என்பதால், அடுத்த ஸ்னாப்ஷாட் புதிதாகச் சேர்ந்த துண்டுகளை மட்டும் களஞ்சியத்துக்கு அனுப்புகிறது. பழைய துண்டுகளை இரண்டு படிகளும் பகிர்ந்துகொள்கின்றன.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகின்றனர். இடம் மிச்சமாகட்டும் என்று பழைய கோப்புகளைக் கையால் நீக்கினாலும், இத்தனை நாளுக்கு மேற்பட்டவற்றைத் தானாக அழிக்கும் விதியைப் பக்கெட்டுக்கு இட்டாலும், நேற்றெடுத்த படியும் சேர்த்தே பயனற்றுப் போகலாம். நீக்கல் தேடுபொறியின் வழியாகவே நடக்க வேண்டும். ஒரு களஞ்சியத்தில் ஒரே ஒரு தேடுபொறித் தொகுதிதான் எழுத வேண்டும், மற்றவை படிக்க மட்டும் இணைய வேண்டும் என்ற விதியும் கண்டிப்பானது. இரண்டு எழுதினால் பட்டியல் சிதையும். செப்பேட்டை அரண்மனை மட்டுமே வெட்டியதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. இடத்தைப் பொறுத்தவரை, அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் தன் மையங்களைத் திறந்தபின், இந்திய எல்லைக்குள்ளேயே ஒரு நகரத்தில் மூலத்தையும் வேறு நகரத்தில் படியையும் வைப்பது எளிதாயிற்று. மீட்டுப் பார்க்காத படியை நம்புவதோ இன்றும் தொடர்கிறது. நெடுஞ்சடையன் கேட்ட சான்றைத் தரவு காக்கும் நிறுவனங்களில் கேட்பவர் குறைவு.

சுட்டி என்பது மூலமல்ல என்பதையும் மறக்கலாகாது. நூலின் பாடம் கையில் இருக்கும்வரை சுட்டியைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட் மிச்சப்படுத்துவது அதற்காகும் நேரத்தை. ஆனால் விக்கிமூலத்தின் பாடமே, அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து, அப்படத்திலிருந்து கணினி எழுத்துணரி படித்தெடுத்தது. செப்பேட்டுப் பாடங்கள் இத்தகைய கருவிக்குச் சோதனையானவை: கிரந்த எழுத்துகள் கலந்து வரும், ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குரிய பழைய தமிழ் எண்குறிகள் எழுத்துகளைப் போலவே தோன்றும். சக ஆண்டில் ஒரு குறி மாறினால் ஒரு கொடை வேறொரு சேதுபதியின் காலத்துக்குப் போய்விடும். அப்பிழை பாடத்திலிருந்து சுட்டிக்கும், சுட்டியிலிருந்து களஞ்சியத்துக்கும் எழுத்துப் பிசகாமல் நகலாகும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை, பக்கத்தின் படத்தையும் தட்டச்சுப் பாடத்தையும் அருகருகே வைத்து வரிவரியாக மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலரிடம் இருக்கிறது.