மாதிரிப் புகையிரதமும் மறைந்த கிராமமும்

மாதிரிப் புகையிரதம் அமைத்து ஓட்டுதல் வெறும் பொழுதுபோக்கென்றே பலராலும் கருதப்படுகின்றது. ஆயின், அது வரலாற்றுச் சான்றாகவும் அமையலாம் என்பதற்கு இங்கிலாந்தின் லோங் விற்றன்ஹாம் கிராமத்திலுள்ள பென்டன் நூதனசாலை தக்கதோர் உதாரணமாகும்.

1925 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ரோய் இங்லண்ட் என்னும் இளைஞர், வைட் ஹோர்ஸ் பள்ளத்தாக்கின் வைக்கோல் வேய்ந்த வீடுகள் உருமாறி மறைவதைக் கண்டு வருந்தினார். அவ்வீடுகளை அளந்து, ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்னும் அளவில் அட்டையால் அமைக்கலானார். 1954 இல் நூதனசாலை தோன்றியது. அச்சிறு கிராமத்தினூடே கிரேட் வெஸ்ரேர்ண் புகையிரதங்கள் ஓடின. 1995 இல் அவர் மறைந்த பின்னரும் தொண்டர்கள் பணியைத் தொடர்ந்தனர்.

அரசர்தம் செயல்களை ஆவணங்கள் பேணும். எளியோர் இல்லத்தின் கூரையையும் வேலியையும் பேணியது இப்பொழுதுபோக்கே. இதனை விளையாட்டென ஒதுக்குதல் வரலாற்று மாணவர்க்குத் தகாது.