கோடும் தளமும் – பழவேற்காட்டின் பதின்மூன்றரைப் பாகை

பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் மாணவர்கள் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் பகுதி ஒன்றுண்டு. ஒரு நேர்கோட்டுக்கும் ஒரு தளத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை வெக்டர் முறையில் காண்பதே அது. இலக்கியத் தளத்தில் இதற்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். இக்கோணத்தின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டால், நாம் சென்று சேருமிடம் வங்கக் கடலோரத்துப் பழவேற்காடு. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் கணக்கைத் தெளிவாக்கிக் கொள்வோம். கோட்டுக்குத் திசை உண்டு. அத்திசையை ஒரு வெக்டர் சொல்லிவிடும். தளத்துக்கோ ஒற்றைத் திசை கிடையாது. அது எல்லாப் பக்கமும் விரிந்து கிடப்பது. எனவே தளத்தைக் குறிக்க, அதற்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு கோட்டைத் துணைக்கு அழைக்கிறோம். கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையின் மட்டத்தை அறிவது போன்றதே இது. கோட்டின் திசைவெக்டரையும் இச்செங்குத்து வெக்டரையும் புள்ளிப் பெருக்கம் செய்து, இரண்டின் நீளங்களால் வகுத்தால், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைன் கிடைக்கும். நமக்கு வேண்டியது செங்குத்தோடு உண்டாகும் கோணமன்று, தளத்தோடு உண்டாகும் கோணம். அது 90 பாகையில் எஞ்சியது. ஆகவே கொசைன் என்று வந்த அதே எண்ணே, தளத்தோடு உண்டாகும் கோணத்தின் சைன் ஆகிறது. சூத்திரம் முழுவதும் இவ்வளவுதான்.

வெக்டர் என்னும் சொல்லைத் தமிழகப் பாடநூல்கள் ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொண்டன. ஈழத்துப் பாடநூல்களோ அதனைக் 'காவி' என்றன. சுமந்து செல்வது என்னும் இலத்தீன் வேர்ப்பொருளை அப்படியே தாங்கிய அழகிய ஆக்கம் அது. இம்முறையின் வயது அதிகமில்லை. 1843இல் ஹாமில்டன் டப்ளின் நகரில் கண்ட நாற்கூற்று எண்களிலிருந்தும், 1844இல் ஜெர்மானியரான கிராஸ்மன் வெளியிட்ட நூலிலிருந்தும் இதன் வித்துகள் முளைத்தன. அமெரிக்கரான கிப்ஸ் 1881 தொடங்கித் தம் மாணவர்களுக்கென அச்சிட்ட குறிப்புகளில்தான் இன்றைய புள்ளிப் பெருக்கம் உருப்பெற்றது. ஆனால் கோட்டுக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து, அதைக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இருந்தனர். அவர்கள் கடலோடிகள்.

நடுக்கடலில் நிற்கும் மரக்கலத்தை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் அடிவானம், அது ஒரு தளம். கண்ணிலிருந்து துருவமீனை நோக்கிச் செல்லும் பார்வை ஒரு கோடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே துருவமீனின் உயரம். (சங்க நூல்களில் வரும் வடமீன் அருந்ததியாதலால், குழப்பம் நேராதிருக்கத் துருவமீன் என்றே இங்கு வழங்குகிறோம்.) இந்தக் கோணத்துக்கு ஒரு சிறப்புண்டு. பூமியின் அச்சை (0, 0, 1) என்று கொள்வோம். மிகத் தொலைவிலுள்ள துருவமீனை நோக்கிய கோடும் ஏறத்தாழ அதே திசையினதே. பழவேற்காட்டில் தூக்குக்குண்டு நூல் நிற்கும் திசை, அவ்வூரின் அட்சரேகை 13.4 பாகையாதலால், (கொசைன் 13.4, 0, சைன் 13.4) ஆகும். அடிவானத் தளத்துக்குச் செங்குத்தும் இதுவே. இரண்டையும் புள்ளிப் பெருக்கம் செய்தால் எஞ்சுவது சைன் 13.4 மட்டுமே. அதாவது, துருவமீன் அடிவானத்தோடு உண்டாக்கும் கோணமும் ஊரின் அட்சரேகையும் ஒன்று. விண்ணை அளந்தவன் தான் நிற்கும் மண்ணை அறிந்துவிடுகிறான்.

பழவேற்காட்டுக்கு இவ்வறிவு உயிர்நாடியாக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இத்துறையின் துணிகள் மலாக்காவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் சென்றன. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை அவர்களது சோழமண்டலத் தலைமையிடம் இதுவே. இக்கடற்கரையோ குன்றுகள் அருகிய தாழ்ந்த மணற்கரை. நெருங்கி வரும்வரை கண்ணுக்குத் தட்டுப்படாது. கிழக்கிலிருந்து திரும்பும் மாலுமி, துருவமீன் தன் ஊரின் உயரத்துக்கு வரும்வரை வடக்கோ தெற்கோ நகர்ந்து, பின்னர் மேற்கு நோக்கி நேரே ஓட்டினால் கரை தானே வந்து சேரும்.

அளந்த கருவி மிக எளியது. சிறு பலகை ஒன்று, அதன் நடுவே கோத்த கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அரபியர் இதனைக் கமால் என்றனர். இராப்பலகை என்னும் தமிழ்ப் பெயரையும் கடல்சார் ஆய்வாளர்கள் குறிக்கின்றனர். முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கப் பலகையை முன்னே நீட்ட வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு விண்மீனிலும் பொருந்தினால், அம்முடிச்சுக்குரிய துறையின் நேரில் கலம் நிற்கிறது என்று பொருள். நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். பலகை 8 செ.மீ. உயரமுடையது என்றால், பழவேற்காட்டு முடிச்சு பலகையிலிருந்து 34 செ.மீ. தொலைவில் விழும், 10.8 பாகையிலுள்ள நாகப்பட்டினத்து முடிச்சு 42 செ.மீ. கடந்து விழும். 290 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் தொலைவு, கயிற்றில் எட்டு செ.மீ. இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது!

இம்முறையில் இடர்களும் உண்டு. துருவமீன் துருவத்தில் அசையாது நிற்பதில்லை. இன்று அது துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவாகவே விலகியுள்ளது. 1600ஆம் ஆண்டளவில் அவ்விலகல் ஏறத்தாழ மூன்று பாகை. கடலோடிகள் விரல் என்று வழங்கிய அளவு ஒன்றரைப் பாகைக்குச் சற்று மிகுந்தது. ஆகவே பிழை இரண்டு விரலை நெருங்கும். இதனை அரபு மாலுமிகள் அறிந்திருந்தனர். துருவமீனைச் சுற்றிவரும் துணைமீன்கள் குறித்த நிலையில் நிற்கும் வேளை பார்த்தே அளந்தனர். வெறும் குருட்டுப் பழக்கமாயிருந்தால் இத்தகைய திருத்தம் தோன்றியிராது.

இங்கே நம்மை வருத்தும் செய்தி ஒன்றுண்டு. சோழமண்டலக் கடலோடிகளின் இக்கருவியைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி, 1850இல் காங்கிரீவ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் எழுதிய சிறு கட்டுரையால் வந்தது. அதற்குமுன் 1836இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் அரபு மாலுமிகளின் கருவிகளைப் பற்றி எழுதினார். யாப்பையும் அணியையும் நுணுகி நுணுகி எழுதிவைத்த நம் புலமை மரபு, கயிற்று முடிச்சுக்குள் கோணத்தைக் கட்டியவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கப்பல் கட்டும் இலக்கணம் சொல்லும் 'கப்பல் சாத்திரம்' போன்ற ஏதோ ஓரிரு நூல்களே விதிவிலக்கு. தமிழ் கற்பிக்கும் நாமும் இக்குறையில் பங்காளிகளே.

காலம் மாறியது. ஆனால் அந்தப் பதின்மூன்றரைப் பாகை பழவேற்காட்டை விட்டு அகலவில்லை. ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969இல் ஏவுதளத்துக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த யானாதி முதலிய மக்கள் இடம்பெயர்ந்தனர். 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் ரோகிணித் துணைக்கோளை விண்ணில் நிறுத்தியது. ஏவுகலத்தையும் அதே கோணமே ஆள்கிறது. எப்படி?

பூமியின் மையத்திலிருந்து ஏவுதளத்துக்கு ஒரு கோடு வரைந்தால், அது நிலநடுக்கோட்டுத் தளத்தோடு 13.7 பாகைக் கோணம் உண்டாக்கும். துணைக்கோள் சுற்றும் தளம் பூமியின் மையத்தின் வழியாகவே செல்லவேண்டும். நடுவே திருப்பாமல் நேரே ஏவினால் அக்கோடும் அத்தளத்திலேயே கிடக்கும். ஒரு தளத்தில் கிடக்கும் எந்தக் கோடும் அத்தளத்தின் சாய்வைவிட மிகுந்து சாய இயலாது. ஆதலால் நேரே கிழக்கு நோக்கி ஏவினாலும் சுற்றுப்பாதையின் சாய்வு 13.7 பாகைக்குக் கீழே இறங்காது. அதனைக் குறைக்க வேண்டுமாயின் விண்ணில் எரிபொருள் செலவிட்டுத் தளத்தையே திருப்ப வேண்டும். துருவப் பாதைக்கு ஏவும்போது வேறொரு தடை. நேர்தெற்கே செலுத்தினால் இலங்கை குறுக்கிடும். ஆகவே ஏவுகலம் தென்கிழக்காகப் புறப்பட்டுப் பின்னர் வளைந்து செல்கிறது. 2024 பிப்ரவரியில் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு இவ்வளைவைத் தவிர்ப்பதும் ஒரு காரணம்.

ஏரியில் இன்றும் 'பாடு' முறையில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் குப்பங்கள் உண்டு. ஏவுதல் நாட்களில் குறித்த கடற்பகுதிக்குள் செல்லலாகாது என்ற எச்சரிக்கை அம்மக்களுக்கு வருகிறது. அவர்கள் கரையில் நிற்க, அவர்களுடைய கடலின் கோணம் வேறொருவர் கணிப்பொறியில் எண்ணாக ஓடுகிறது. கடலுக்குச் செல்வோர் கையிலும் இன்று செயற்கைக்கோள் திசைகாட்டி உண்டு. விண்மீன் பார்க்கும் தேவை குறைந்துவிட்டது. அதில் தவறில்லை. ஆயினும் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் விண்மீனுக்கும் இக்குப்பங்களின் முதியோர் வழங்கும் சொற்கள் அவர்களோடு மறைந்துபோக விடலாகாது.

நாம் செய்யக்கூடியவை இரண்டு. கடலோரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அச்சொற்களைத் தொகுக்கட்டும். பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் ஒரு குப்பத்தை எடுத்துக்கொண்டாலே போதுமானது. கணித ஆசிரியர்களோ இந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதும் நாளில், ஓர் அட்டைத் துண்டையும் நூலையும் மாணவர் கையில் கொடுத்து, அன்றிரவு துருவமீனை அளந்துவரச் சொல்லட்டும். தம் ஊரின் அட்சரேகையைத் தாமே கண்ட மாணவர், கோடும் தளமும் யாருடைய அறிவு என்று பின்னர் கேட்கத் தொடங்குவர்.