தீவும் இரு கரைகளும்: மட்டக்களப்பு வாவியோரக் கட்புலக் கலைகளின் வரலாறு

இலங்கையின் கிழக்கே கடலுக்குச் சமாந்தரமாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, அப்பிரதேசத்தை இரு கரைகளாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரை எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். இரண்டுக்கும் நடுவே வாவிக்குள் அமைந்த சிறு தீவான புளியந்தீவு கோட்டை, கச்சேரி, பாடசாலைகள், தேவாலயங்கள் ஆகியவற்றைக் கொண்ட நகரமாக வளர்ந்தது. வடக்கே கரையோரம் கல்குடா, வாழைச்சேனை, வாகரை என நீளுகிறது. இப்பிரதேசத்தின் கட்புலக் கலைகளின், அதாவது கண்ணால் கண்டு அனுபவிக்கப்படும் ஓவியம், சிற்பம், ஒப்பனை முதலியவற்றின் வரலாற்றை எழுதப் புகுவோர், தீவு நகரில் சட்டமிட்ட ஓவியங்களை மட்டும் தேடினால் அவ்வரலாறு சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். இங்கு அக்கலை பெரும்பாலும் ஒரு சடங்குக்காகவோ ஆட்டத்துக்காகவோ ஆக்கப்பட்டு, அது நிறைவேறியதும் கலைக்கப்பட்டோ கழற்றி வைக்கப்பட்டோ வந்துள்ளது.

அந்தந்த வேளைக்கென மட்டும் ஆக்கும் இவ்வியல்பு மிகப் பழையது. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் இலங்கையின் பழங்குடியினரான வேடர் பற்றி 1911 இல் வெளியிட்ட நூல், உள்நாட்டு வேடர் சாம்பலை எச்சிலில் குழைத்துக் குகைச் சுவர்களில் விரலால் வரைந்த மனித, விலங்கு உருவங்களைப் பதிவு செய்தது. பெரும்பாலும் பெண்களே, ஆடவர் வேட்டைக்குச் சென்றிருந்த வேளைகளில், பொழுதுபோக்காக அவற்றை வரைந்தனர் என்றும், அவற்றில் சமய நோக்கம் எதுவும் இருக்கவில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. தமிழ் பேசும் கரையோர வேடரையும் அது தனியே ஆராய்ந்தது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாகரைப் பகுதியில் வாழ்கின்றனர்.

வேளாண் கிராமங்களில் கண்ணகி வழிபாடு இதே இயல்பை விரிவான சடங்காக வளர்த்தது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியிருக்கும் கண்ணகி கோயில்கள் வைகாசியில் கதவு திறக்கப்பட்டு, கல்யாணக்கால் என்னும் கம்பம் நாட்டப்பட்டு, அதற்குப் பட்டுடுத்தி மணக்கோலம் செய்யப்பட்டு, இறுதியில் அம்மனின் வெம்மை தணிக்கும் குளிர்த்திச் சடங்கோடு மீண்டும் மூடப்படுகின்றன. வெறும் மரக்கம்பத்தைச் சில நாட்களுக்குத் தெய்வ மணப்பெண்ணாக்கும் இந்த அலங்காரத்தைச் செய்வோர் தம்மைக் கலைஞர் எனக் கூறிக்கொள்வதில்லை. ஆயினும் துணியின் மடிப்பு, பூவின் நிறை, தோரணத்தின் அளவு ஆகியவற்றில் தலைமுறைகள் வழியே பேணப்பட்ட கண்ணளவு அவர்களிடம் உண்டு.

இக்கைத்திறன் மிகச் செழிப்பாக வெளிப்பட்ட இடம் கூத்துக்களரி ஆகும். வடமோடி, தென்மோடி என இரு பாணிகளில் ஆடப்படும் மட்டக்களப்புக் கூத்து, சட்டம் கொடுத்தல் எனப்படும் பாத்திரப் பங்கீட்டில் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்னும் ஒத்திகை ஆகிய படிகளைக் கடந்து, மாதக்கணக்கான பயிற்சிக்குப் பின் அரங்கேறும். மண்ணை உயர்த்தி அமைத்த வட்டக்களரியைச் சுற்றிலும் மக்கள் அமர்வதால் அங்கே பின்திரைக்கு இடமில்லை. காட்சி முழுவதையும் ஆடுபவரின் உடலே தாங்க வேண்டும். வடமோடி அரசர் அணியும் கரப்புடுப்பு, வளையங்களால் தாங்கப்பட்டு இடுப்பைச் சுற்றிக் குடைபோல் விரிந்து நிற்பதால், ஆடுபவர் எப்பக்கம் திரும்பினாலும் அதே கம்பீரத்தைக் காட்டுகிறது. இலேசான மரத்தில் செதுக்கப்பட்ட முடியிலும் புயக்கட்டுகளிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் பந்த வெளிச்சத்தை வாங்கித் தொலைவில் இருப்போருக்கும் எறிகின்றன. நுணுக்கமான ஆட்டத்தை முதன்மைப்படுத்தும் தென்மோடியில் உடையும் முடியும் பாரங்குறைந்தவை. ஆகவே களரியின் வடிவமும் ஒளியும் ஆட்டமுறையுமே அணிகலனின் வடிவத்தை வகுத்தன எனலாம்.

புளியந்தீவின் வரலாறோ வேறு. 1628 இல் போர்த்துக்கேயர் அங்கு கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638 இல் கைப்பற்றினர். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதற் கோட்டை அதுவே. ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயஸ் 1672 இல் வெளியிட்ட நூலின் செப்புத்தகட்டுப் படங்களில் இக்கோட்டையும் இடம்பெற்றது. ஒரே படம் பல பிரதிகளாகித் தொலைதூர நாட்டாரையும் சென்றடையும் முறை இவ்வாறு இப்பிரதேசத்தைத் தொட்டது. ஆயினும் பார்த்தவரும் வரைந்தவரும் அயலாரே. 1814 இல் வந்த வெசுலியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடக்கிய பாடசாலையும் பின்வந்த கத்தோலிக்கக் கல்லூரிகளும் ஐரோப்பிய முறைக் கல்வியை நிலைநாட்டின. யாழ்ப்பாணத்தில் 1938 இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவி நவீன ஓவியத்துக்கு வழி திறந்தார். ஆனால் மட்டக்களப்பின் பெயர் நாடறிய ஒலித்தது கூத்தினாலேயே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, வட்டக்களரிக்கென உருவான உடையும் ஒப்பனையும் ஒருபுறம் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்ப இசைந்துகொள்ள நேர்ந்தது.

1978 நவம்பரில் வீசிய சூறாவளி, பின்வந்த உள்நாட்டுப் போர், 2004 டிசம்பரில் கல்குடா உள்ளிட்ட கரையைச் சிதைத்த ஆழிப்பேரலை ஆகியவை இம்மரபின் சூழலையே குலைத்தன. விடிய விடிய ஆட வேண்டிய கூத்துக்கு அச்சமற்ற இரவுகள் தேவை. போர்க்காலத்தில் அவை இருக்கவில்லை. அதே காலத்திலேயே ஓவியத்துக்குப் புதிய பணியொன்று பிறந்தது. கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் 1996 இல் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவரை வண்ணத்தாலும் களிமண்ணாலும் கதையாலும் ஒன்றுசேர்த்தது. கல்லடியில் 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில், கட்புலக் கலைகளும் காலப்போக்கில் தனித் துறையாயின. சுசிமன் நிர்மலவாசன், பாக்கியராஜா புஷ்பகாந்தன் போன்ற மட்டக்களப்பு ஓவியர்கள் போரின் நினைவைத் தம் ஓவியங்களில் கையாண்டு வருகின்றனர்.

இப்புதிய ஓவியங்கள் பாதுகாக்கப்படவும் நூல்களில் இடம்பெறவும் வாய்ப்புண்டு. முடி செதுக்கியவருக்கும் கல்யாணக்காலுக்குப் பட்டுடுத்தியவருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியதில்லை. கரப்புடுப்பொன்றை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் பொருள் எஞ்சுமேயன்றி, அதை விரித்துச் சுழற்றும் ஆட்டம் எஞ்சாது. ஆதலின் வாவியோரக் கலையைப் பேண விரும்புவோர் முதலிற் பேண வேண்டியது அதை வேண்டி நிற்கும் சடங்கையும் களரியையும், அவற்றை ஆண்டுதோறும் எடுத்து நடத்தும் ஊர்களின் வலுவையுமே ஆகும்.