மைக்கேல் புளூம்பெர்க்

மைக்கேல் ரூபென்ஸ் புளூம்பெர்க் (பிறப்பு: பெப்ரவரி 14, 1942) ஓர் அமெரிக்கத் தொழிலதிபரும் அரசியல்வாதியும் ஆவார். நிதிச் சந்தைத் தகவல்களைக் கணினி முனையங்கள் வழியாகச் சந்தாதாரர்களுக்கு வழங்கும் புளூம்பெர்க் எல்.பி. நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர்; அதன் பெரும்பான்மை உரிமையாளரும் ஆவார். 2002 முதல் 2013 வரை நியூயார்க் நகர மேயராகப் பதவி வகித்தார்.

இளமை

இவர் ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்து, அதற்கு அருகிலுள்ள மெட்ஃபோர்டில் வளர்ந்தார். இவருடைய தந்தை பால்பொருள் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்தார். புளூம்பெர்க் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டமும் (1964), ஹார்வர்டு வணிகப் பள்ளியில் வணிக மேலாண்மை முதுநிலைப் பட்டமும் (1966) பெற்றார்.

சாலமன் பிரதர்ஸ்

1966 ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள சாலமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கியில் பணியில் சேர்ந்த இவர், 1972 இல் அதன் பங்குதாரரானார். பங்கு வணிகப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பின்னர், 1979 இல் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். 1981 இல் ஃபிப்ரோ நிறுவனம் அவ்வங்கியை வாங்கியபோது பணியிலிருந்து நீக்கப்பட்டார். அப்போது இவருக்கு ஏறத்தாழ 10 மில்லியன் டாலர் கிடைத்தது.

புளூம்பெர்க் முனையம்

அக்காலத்தில் கடன்பத்திரங்கள் பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே கைமாறின. பங்குகளுக்கு இருந்ததைப் போல அவற்றுக்குப் பொதுவான விலைப்பட்டியல் இல்லை. எனவே, விலையை முன்னரே அறிந்திருந்த வணிகருக்கே பேரத்தில் ஆதாயம் கிட்டியது. இக்குறையைப் போக்க, தாமஸ் செகுண்டா, டங்கன் மக்மில்லன், சார்லஸ் செகார் ஆகியோருடன் இணைந்து 1981 இல் இன்னோவேட்டிவ் மார்க்கெட் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முனையம் விலைகளைக் காட்டியதோடு, கடன்பத்திரங்களின் ஈட்டு வீதத்தைக் கணித்தும் ஒப்பிட்டும் தந்தது.

முதல் வாடிக்கையாளரான மெரில் லிஞ்ச், 1985 இல் 30 மில்லியன் டாலர் முதலிட்டு 30 விழுக்காடு பங்கைப் பெற்றது. போட்டி நிறுவனங்களுக்கு முனையத்தை வழங்கக்கூடாது என்ற கட்டுப்பாடும் சில காலம் இருந்தது. 1986 இல் நிறுவனம் தற்போதைய பெயரைப் பெற்றது. 1990 இல் மேத்தியூ விங்க்லரின் தலைமையில் செய்திச் சேவை தொடங்கப்பட்டது. 2013 இல் முனையங்களின் எண்ணிக்கை மூன்று இலட்சத்தைக் கடந்திருந்தது.

உரிமையும் முதலீடும்

நிறுவனப் பங்குகளைப் புளூம்பெர்க் பொதுச் சந்தையில் விற்கவில்லை. மாறாக, விற்ற பங்குகளையே திரும்ப வாங்கினார். 1996 இல் மெரில் லிஞ்சிடமிருந்து 10 விழுக்காடு பங்கு 200 மில்லியன் டாலருக்கு வாங்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் மெரில் லிஞ்ச் பணம் திரட்ட முயன்றபோது, எஞ்சிய 20 விழுக்காடும் ஏறத்தாழ 4.4 பில்லியன் டாலருக்கு மீட்கப்பட்டது. 2009 இல் பிசினஸ்வீக் இதழையும் இந்நிறுவனம் வாங்கியது.

விமர்சனம்

தகவல் விற்பனையும் இதழியலும் ஒரே நிறுவனத்தில் அமைந்தது 2013 மே மாதத்தில் சர்ச்சைக்கு உள்ளானது. சந்தாதாரர் கடைசியாக எப்போது முனையத்தைப் பயன்படுத்தினார் என்பது போன்ற விவரங்களை நிறுவனத்தின் செய்தியாளர்கள் பார்க்க முடிந்தது வெளியாகியது. நிறுவனம் மன்னிப்புக் கோரி, அவ்வசதியை நீக்கியது.

பிற்காலம்

மேயர் பதவிக்காலம் முடிந்தபின், 2014 இல் புளூம்பெர்க் நிறுவனத் தலைமைக்குத் திரும்பினார். 2020 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலுக்கான சனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்று பின்வாங்கினார். 2023 இல் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பு விளாட் கிளியாட்ச்கோவிடம் ஒப்படைக்கப்பட்டது.