தமிழ்த் திரையில் மதிச்சண்டை

அடியின் வேகத்தைவிட எதிராளி என்ன நினைக்கிறான் என்ற கணிப்பால் முடிவாகும் சண்டைக் காட்சி இங்கே மதிச்சண்டை எனப்படுகிறது. இதில் ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது. பார்ப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே தெரியும். ஜப்பானிய அனிமே தொடர்கள் இவ்வகைச் சண்டையை உலகெங்கும் பரப்பின. தமிழில் இது வேறு பாதையில், மேடைக் கூத்திலிருந்தும் இரட்டை வேடக் கதைகளிலிருந்தும் வளர்ந்தது. அந்தப் பாதையின் தொடக்கத்தில் புதுக்கோட்டைக்காரர்கள் இருவர் நிற்கிறார்கள்.

அவர்களுக்கும் முன்பே வந்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படுவதே ஒரு மதிச்சண்டைக் கதைதான். 1910-களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப் படம் அது. திரௌபதியைத் தேடி இருட்டில் வரும் கீசகனுக்கு அங்கே காத்திருப்பவன் பீமன் என்று தெரியாது. விடியவிடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கோ அது தெரியும். அடி விழுவதற்கு முந்தைய அந்த நேரத்தில்தான் கதையின் சுவை முழுவதும் இருக்கிறது. படச்சுருள் இன்று இல்லை; நடராஜ முதலியார் இருட்டை எப்படிக் காட்டினார் என்பதைப் பார்க்க வழியில்லாமல் போய்விட்டது.

புதுக்கோட்டையில் பிறந்த பி. கே. நாகலிங்கம் உடற்பயிற்சியில் தேர்ந்தவர். யூஜின் சாண்டோ என்ற உலகப் புகழ்பெற்ற பயில்வானின் பெயரை ஒட்டி ராஜா சாண்டோ ஆனார். பம்பாய் மௌனப் படங்களில் சாகச நடிகராக நுழைந்து, 1923-இல் 'வீர் பீம்சேன்' படத்தில் பீமனாகப் பெயர் வாங்கினார். பிறகு தமிழுக்கு வந்து இயக்குநரானார். 1936-இல் அவர் இயக்கிய 'சந்திரகாந்தா', ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலிலிருந்து எடுத்தது. அதில்தான் அதே ஊர்க்காரரான பி. யு. சின்னப்பா திரைக்கு அறிமுகமானார். பயில்வான் உடம்புள்ள இயக்குநர், சிலம்பக்கார நடிகர், துப்பறியும் கதை என மூன்றும் சேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பின்னாளில் இந்த வகைக்கு வேண்டியிருந்ததும் இந்த மூன்றுதான்.

சின்னப்பா 1916-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே நாடகத்துக்குப் போய், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக இருந்தார். எம்.ஜி.ஆர். சிறுவனாக இருந்த கம்பெனியும் அதுவே. மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டுவிட்டு, குஸ்தி, சிலம்பம், பளு தூக்குதல் என்று உடம்பில் இறங்கினார், சங்கீதத்தையும் விடவில்லை. (தேவர் பிலிம்ஸ் சாண்டோ சின்னப்பா தேவரும் இவரும் வேறு வேறு ஆட்கள். இருவருமே பயில்வான்கள் என்பதால் குழப்பம் இன்றும் தீரவில்லை.)

1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த 'உத்தம புத்திரன்' சின்னப்பாவுக்கு இரட்டை வேடம் தந்தது. தமிழில் இரட்டை வேடத்தின் தொடக்கம் என்று பொதுவாகக் குறிக்கப்படும் படம் இது. பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதைதான் மூலம்: கொடுங்கோல் அரசன் ஒருவன், அவன் முகத்தையே கொண்ட இரட்டைப் பிறவி இன்னொருவன். ஒரே நடிகர் இருவராக வருவதை ஒளிப்பதிவு வித்தையாக மட்டும் பார்த்தால் முக்கியமான ஒன்று தவறிப்போகும். முகம் ஒன்றாக இருக்கும்போது எதிராளியின் கத்தி தயங்குகிறது. முன்னால் நிற்பவன் யார் என்று அவன் முதலில் முடிவு செய்தாக வேண்டும். தமிழ்ச் சண்டைக் காட்சியில் மனம் நுழைந்த வாசல் இந்தத் தயக்கம் என்பது இக்கட்டுரையின் கருத்து. 1958-இல் சிவாஜி கணேசன் அதே பெயரில், அதே கதையில் நடித்தார்.

இங்கே புதுக்கோட்டையின் இன்னொரு களத்தையும் குறிப்பிட வேண்டும். ஜல்லிக்கட்டுக் காளைகளை அவிழ்த்துவிடும் வாடிவாசல்கள் தமிழ்நாட்டில் மிகுதியாக உள்ள மாவட்டம் இது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துத் தச்சன்குறிச்சியில்தான் பெரும்பாலும் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு நடக்கும். வாடியை விட்டு நேரே பாய்ந்து ஓடிவிடும் காளை ஒரு ரகம். நின்று விளையாடும் காளை இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் வெளியே வந்தால் களம் தானாகவே விலகிக்கொள்ளும். அது யாரையும் இன்னும் குத்தவில்லை. குத்தும் என்ற எண்ணமே போதுமானது. சி. சு. செல்லப்பா 1959-இல் வெளியிட்ட 'வாடிவாசல்' குறுநாவல் இந்த மனக்கணக்கைத்தான் எழுதியது. தன் தகப்பனைக் கொன்ற ஜமீன் காளையான காரியை அணையக் காத்திருக்கும் பிச்சியின் காத்திருப்பு, பிடிக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நீளமானது. திரைக்கதை எழுதுவோர் படிக்க வேண்டிய சண்டைப் பாடம் இது.

திரைக்குத் திரும்பினால், எஸ். எஸ். வாசன் மதிச்சண்டையைப் பிரம்மாண்டமாக்கினார். 1948-இல் வந்த 'சந்திரலேகா'வில் வில்லன் சசாங்கனை மணம் புரிய நாயகி வைக்கும் நிபந்தனை ஒரு நடனம். ராட்சத முரசுகள் மேல் நடனம் நடக்கிறது. முரசுகளுக்குள் படைவீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். சசாங்கனாக நடித்த ரஞ்சன் வாள்வீச்சு கற்றவர் என்பதால் அதன்பின் வரும் கத்திச் சண்டை நீண்டு நிற்கிறது. ஆனாலும் மக்கள் நினைவில் தங்கியது முரசு திறந்த நொடிதான். வாசனே 1958-இல் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் ஆயுதமே இல்லாத சண்டையை எடுத்தார். பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடிய போட்டி நடனத்தில் ஒருவர் அசைவை மற்றவர் படித்து, எடுத்து, மிஞ்சுகிறார். கதாநாயகன் ஜெமினி கணேசன், இவரும் புதுக்கோட்டைக்காரரே, அந்தச் சண்டையில் பார்வையாளர் மட்டும்.

எம்.ஜி.ஆர். படங்களில் சண்டை அழகானது, சுத்தமானது. மதிச்சண்டை அதில் குறைவு. விதிவிலக்கு 1965-இன் 'எங்க வீட்டுப் பிள்ளை'. கோழைத் தம்பியை அடித்துப் பழகிய நம்பியாரின் சாட்டை, அதே முகத்தோடு வந்து நிற்கும் துணிந்தவனிடம் மாட்டிக்கொள்கிறது. அடிபடுபவனுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, அரங்கத்துக்குப் புரிகிறது. உத்தம புத்திரனின் தயக்கம் இங்கே சிரிப்பும் கைதட்டலுமாக மாறியது.

அடுத்த முப்பதாண்டுகளைச் சுருக்கமாகவே கடக்கலாம். ஜூடோ ரத்தினம் போன்ற ஸ்டண்ட் மாஸ்டர்கள் கோலோச்சிய காலம் அது. சண்டை தனித் தொழிலாக வளர்ந்தது. ஆனால் கதையிலிருந்து பிரிந்து, பாடலைப் போல எங்கு வேண்டுமானாலும் செருகும் துண்டாகவும் ஆனது. ஒரு ரீலைத் தூக்கி இன்னொரு படத்தில் ஒட்டினாலும் வித்தியாசம் தெரியாத சண்டைகள் ஏராளம்.

1995-இல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய 'பாட்ஷா' இதை மாற்றியது. ஆட்டோக்காரர் மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு, சிரித்தபடி அடி வாங்குகிறார். திருப்பி அடிக்க முடிந்தவன் அடிக்காமல் இருப்பது தமிழ்ப் படத்தில் அதற்கு முன்பும் உண்டு. அதை வைத்தே பாதிப் படத்தை நகர்த்தியது இது. முகம் ஒன்று, ஆள் இரண்டு என்ற பழைய கணக்குதான். இம்முறை இரண்டு ஆளும் ஒரே உடம்பில். இதைப் பார்த்து வந்த படங்களில் பெரும்பாலானவை 'பில்ட்-அப்'பை மட்டும் எடுத்துக்கொண்டன, அடக்கத்தை விட்டுவிட்டன.

ஜப்பானில் இதே காலத்தில் வேறொரு முறை முதிர்ந்தது. அராக்கி ஹிரோஹிகோ 1987-இல் தொடங்கிய 'ஜோஜோ' படக்கதையின் மூன்றாம் பாகத்தில் ஒரு சீட்டாட்டம் வருகிறது. நாயகன் தன் சீட்டைப் பார்க்கவே பார்க்காமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போக, எதிராளி பயத்திலேயே உடைகிறான். கடைசியில் கையிலிருந்தது ஒன்றுமில்லாத சீட்டு. தொகாஷி யொஷிஹிரோ 1998-இல் தொடங்கிய 'ஹன்டர் எக்ஸ் ஹன்ட'ரில் சக்திக்கு விதி உண்டு. தனக்குத்தானே கடுமையான நிபந்தனை போட்டுக்கொள்பவனுக்குப் பலம் கூடும்; மீறினால் உயிரே போகலாம். படக்கதையில் எண்ணத்தை எழுத இடம் உண்டு என்பதால் அதிலிருந்து எடுத்த அனிமேயிலும் வீரன் சண்டைக்கு நடுவே மனத்துக்குள் பேசுகிறான். தமிழ் சினிமா அந்த 'மைண்ட் வாய்ஸை' நகைச்சுவைக்குக் கொடுத்துவிட்டது. சண்டையை விளக்கும் வேலையை இங்கே பக்கத்தில் நிற்பவர் செய்கிறார்: கூத்தில் கட்டியங்காரன், குத்துச்சண்டையில் வாத்தியார்.

பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) அதற்கு நல்ல சான்று. வடசென்னைக் குத்துச்சண்டையில் கபிலனும் டான்சிங் ரோஸும் மோதும் காட்சி தமிழின் தலைசிறந்த மதிச்சண்டை. ஷபீர் நடித்த ரோஸ் துள்ளுகிறான், கையைத் தொங்கவிட்டு அழைக்கிறான், ஆடுகிறான். கபிலனின் குத்து காற்றில் போகிறது. அந்த ஆட்டத்துக்கும் ஒரு தாளம் உண்டு என்று அவன் பிடித்துக்கொள்ளும்வரை அரங்கமும் குழம்புகிறது. கபிலனின் வாத்தியார் ரங்கனின் முகத்தைப் பார்த்துத்தான் நாம் நிலவரத்தை அறிகிறோம். தோற்கும் ரோஸ் நாயகனைவிட அதிகம் பேசப்பட்டான் என்பது எழுத்தின் வெற்றி.

வேறு இரு படங்களும் இவ்வரிசையில் சேரும். ராஜமௌலியின் 'நான் ஈ' (2012) பலம் துளியும் இல்லாத ஈயைக் கொண்டு வில்லனின் தூக்கத்தைக் கெடுத்தது. வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழும் நாயகனுக்கு எதிராளியின் ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே தெரியவைத்தது. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. நடுவில் வில்லன் எஸ். ஜே. சூர்யாவுக்கும் அந்த நினைவைக் கொடுத்துவிட்டது. அந்த இடத்திலிருந்துதான் படம் சூடு பிடிக்கிறது. ஒருவனுக்கே எல்லாம் தெரிந்தால் அது சண்டை ஆகாது என்பதை இயக்குநர் உணர்ந்திருக்கிறார்.

தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைப் பயிற்சிக்கான பிரிவு 2016-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருது 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெயினுக்குக் கிடைத்தது. டான்சிங் ரோஸ் சண்டையை அமைத்த அன்பறிவ் சகோதரர்களும் அவ்விருதை வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அது 'கே.ஜி.எஃப்.' படத்தின் இரு பாகங்களுக்கு.