மரக் கோபுரமும் சாரா லிட்மனின் பெயரும்

ஒரு கட்டடத்துக்கு எழுத்தாளர் பெயரை வைத்துவிட்டால் அவரது எழுத்தும் உள்ளே குடிவந்துவிடுமா? வடக்கு சுவீடனில் ஷெலெஃப்தியோ நகரில் 2021இல் திறக்கப்பட்ட 'சாரா' பண்பாட்டு மாளிகையை முன்வைத்துக் கேட்கிறேன். 20 மாடி, சுமார் 75 மீட்டர் உயரம், தாங்கி நிற்பது பெரும்பாலும் மரம். கீழே நாடக அரங்கு, நகர நூலகம், ஓவியக்கூடம், அன்னா நூர்ட்லாண்டர் பெயரிலான பெண்ணிய அருங்காட்சியகம். மேலே ஓட்டல். (பண்பாடு கீழே, வாடகை மேலே. இதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

மரத்தில் உயரமாகக் கட்டுவது அந்த நாட்டில் நூறாண்டுக்கு மேல் தடைசெய்யப்பட்ட விஷயம். 1874இன் கட்டட விதி நகரங்களில் மர வீட்டை இரண்டு மாடியோடு நிறுத்தியது. 1888 ஜூன் 25 அன்று, ஒரே நாளில், சுண்ட்ஸ்வாலும் ஊமெயோவும் எரிந்தன. பயம் உறுதியானது. அப்புறம் கல்லும் கான்கிரீட்டும் நகரம், நவீனம் என்றாயின. மரம் கிராமமாகவும் பழமையாகவும் ஒதுங்கியது. 1994இல்தான் விதியின் கேள்வி மாறியது. எதால் கட்டினாய் என்பது போய், தீயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றானது. பலகைகளை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கி ஒட்டிய கனமான பாளங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கருகாது. காற்றுதான் தொந்தரவு. மரம் எடை குறைவு, உயரத்தில் ஆடும். அதனால் உச்சி மாடிகளின் தளத்தில் கான்கிரீட் போட்டிருக்காங்க. மரத்தின் புகழ் பாடும் கோபுரத்தின் தலைமேல் கான்கிரீட் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த முரண்.

இனி 'பசுமை' என்ற சொல்லாடலுக்கு வருவோம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அதை எரிக்காமல், அழுகவிடாமல் கட்டடமாக நிறுத்தினால் அது காற்றுக்குப் போகாது. சிமென்ட்டோ சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதே கார்பன் டை ஆக்சைடைக் கக்குவது. இதெல்லாம் உண்மைதான், நான் மறுக்கல. ஆனால் கணக்கை எங்கிருந்து ஆரம்பிக்கிறாங்க என்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. அறுப்பாலை வாசலிலிருந்து எண்ணினால் ஒரு விடை, காட்டிலிருந்து எண்ணினால் இன்னொன்று. வடபுலக் காடுகளில் கார்பனின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கிறது. மொட்டையாக வெட்டிய நிலம் பல ஆண்டுகள் அதை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தக் காட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள். சாமி மக்களின் துருவ மான்கள் பனிக்காலத்தில் தரையிலும் மரத்திலும் படர்ந்த லைக்கனைத் தின்று பிழைப்பவை. சுவீடனில் தரை லைக்கன் செழித்த காட்டின் பரப்பு 60 ஆண்டுகளில் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2016இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அவ்வளவையும் ஒரு கட்டடத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனாலும் 'உள்ளூர் மரம்' என்று பெருமையாகச் சொல்லும்போது அந்த உள்ளூர் யாருடையது?

சாரா லிட்மன் (1923-2004) இதைக் கேட்டவர். மிசென்ட்ரஸ்க் கிராமத்துப் பெண். 1977இலிருந்து 1985வரை வந்த ஐந்து நாவல்களில் அந்த உள்நாட்டுக்கு ரயில் வந்த கதையைச் சொன்னார். மரக் கம்பெனிகள் குடியானவர் காட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கிய பிரதேசம் அது. ஊமெயோ பக்கத்து அறுப்பாலை ஊரான பாக்பெலெயின் பெயரிலிருந்து காட்டுத் திருட்டுக்கென்றே சுவீடிஷில் ஒரு சொல் பிறந்திருக்கிறது. குடியானவர் நிலத்தைக் கம்பெனிகள் வாங்கத் தடைச் சட்டம் வந்தது 1906இல். அதற்குள் ரொம்பவே கைமாறிவிட்டது.

1953இல் வந்த அவரது முதல் நாவல் தார்ச்சூளை பற்றியது. ஒருவன் பாடுபட்டு அடுக்கிய சூளையை இன்னொருவன் சரிக்கிறான். சரித்தவனே அதில் சிக்கி அடிபடுகிறான். ஊர் அவனைக் கவனிக்காமல் சாகவிடுகிறது. யாரும் கொல்லல, யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை.

மரத்தில் கட்டுவதை எதிர்ப்பது என் வேலையில்லை. கான்கிரீட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரல. மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, எப்படி வெட்டினார்கள், அங்கே மான் மேய்ப்பவர்களைக் கேட்டார்களா என்பதை அடுத்த பொதுக் கட்டடத்தின் சுவரிலேயே, நாடக அட்டவணைக்குப் பக்கத்தில், எழுதி வைக்கட்டும்.