விளையாட்டு மூளையதிர்ச்சி

விளையாட்டு மூளையதிர்ச்சி என்பது விளையாடும்போது தலையிலோ, கழுத்திலோ, உடலின் வேறு பகுதியிலோ விழும் அடியின் விசை மூளைக்குக் கடத்தப்படுவதால், மூளையின் செயற்பாடு தற்காலிகமாகக் குலைவதாகும். இது மென் தலைக்காயங்களுள் ஒன்று. அடிபட்டவர் நினைவிழக்க வேண்டும் என்பதில்லை. மூளையதிர்ச்சி அடைபவர்களில் பெரும்பாலோர் நினைவோடுதான் இருக்கின்றனர். வழக்கமான சி.டி. படத்தில் இதற்குரிய மாற்றம் எதுவும் தெரிவதில்லை. எனவே மூளையதிர்ச்சியையும் அதிலிருந்து மீளுவதையும் அளந்தறியக் குருதிக் குறிப்பான்களும் புதிய மூளைப் படிம முறைகளும் உதவுமா என்பது 2000களிலிருந்து விரிவாக ஆராயப்பட்டு வருகின்றது.

உண்டாகும் விதம்

மண்டையோட்டினுள் மூளை ஒரு நீர்மத்தில் மிதந்த நிலையில் உள்ளது. தலை திடீரென நின்றாலோ திருகப்பட்டாலோ மூளை சற்றுப் பின்தங்கி அசைகின்றது. அப்போது நரம்பணுக்களின் நீண்ட இழைகளான நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதனால் அணுச் சவ்வுகளின் வழியே பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உட்புகுகின்றது. குலைந்த சமநிலையைச் சீர்செய்ய நரம்பணுக்களுக்கு மிகுதியான ஆற்றல் தேவைப்படுகின்றது; ஆனால் அதே நேரத்தில் மூளைக்கான குருதியோட்டம் குறைகின்றது. இந்த ஆற்றல் பற்றாக்குறை நாட்கணக்கில் நீடிக்கலாம். இந்த இடைவெளியில் மூளை மீண்டும் அடிபட்டால் பாதிப்பு மிகுதியாகும் எனக் கருதப்படுகின்றது. தலைக்கவசம் மண்டையோட்டு முறிவைத் தடுக்குமேயன்றி, தலைக்குள் மூளை அசைவதை முழுமையாகத் தடுப்பதில்லை.

அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பார்வை மங்குதல், ஒளியும் ஓசையும் தாங்க இயலாமை, நடக்கும்போது தடுமாற்றம், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல், ஆட்ட நிலவரம் நினைவில் இல்லாமை, எரிச்சல், தூக்கக் குலைவு ஆகியன பொதுவான அறிகுறிகள். இவை அடிபட்ட உடனே தோன்றலாம். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ வெளிப்படுவதும் உண்டு.

பின்வருவன காணப்பட்டால் மூளையில் குருதிக் கசிவோ கழுத்தெலும்பில் காயமோ இருக்கக்கூடும். உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

* மேன்மேலும் கடுமையாகும் தலைவலி
* திரும்பத் திரும்ப வாந்தி
* வலிப்பு
* நினைவிழத்தல் அல்லது எழுப்ப முடியாத உறக்கம்
* கை கால்களில் வலுவின்மை அல்லது மரத்துப்போதல்
* பொருள்கள் இரண்டாகத் தெரிதல்
* கழுத்து வலி

இந்திய துடுப்பாட்ட வீரர் ராமன் லாம்பா 1998 பெப்ரவரியில் டாக்காவில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகில் களத்தடுப்பில் நின்றபோது பந்தால் தலையில் அடிபட்டார். தாமே எழுந்து நடந்து களத்தை விட்டு வெளியேறிய அவர், மூன்று நாட்களில் மூளைக் குருதிக் கசிவினால் இறந்தார். அடிபட்டவர் எழுந்து நடப்பது அபாயம் நீங்கியதற்குச் சான்றாகாது என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகும்.

துடுப்பாட்டத்தில் மாற்று வீரர் விதி

பன்னாட்டுத் துடுப்பாட்ட அவை 2019 ஆகத்து முதல், மூளையதிர்ச்சி அடைந்த வீரருக்குப் பதிலாக அவரையொத்த திறனுடைய மற்றொருவர் முழு உரிமையுடன் ஆடலாம் என்ற விதியை நடைமுறைப்படுத்தியது. அம்மாதமே லார்ட்சு தேர்வுப் போட்டியில் ஜோப்ரா ஆர்ச்சரின் பந்து ஆத்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. களத்திலிருந்து வெளியேறிய அவர் சோதனைக்குப்பின் திரும்பி வந்து மட்டை பிடித்தார். மறுநாள் அறிகுறிகள் தோன்றியதால் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக ஆடிய மார்னசு லபுசேன் தேர்வுப் போட்டிகளின் முதல் மூளையதிர்ச்சி மாற்று வீரர் ஆனார்.

இந்திய அணி தொடர்பான நிகழ்வு 2020 திசம்பர் 4 அன்று கான்பராவில் நடைபெற்ற இருபது20 போட்டியில் இடம்பெற்றது. இறுதி ஓவரில் மிட்செல் ஸ்டார்க்கின் பந்து ரவீந்திர ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பட்டது. அவர் தொடர்ந்து ஆடி 44 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் இருந்தார். இடைவேளையில் மூளையதிர்ச்சி என அறியப்பட்டு, அவருக்குப் பதிலாக யுசுவேந்திர சகல் களமிறங்கினார். சகல் 25 ஓட்டங்களுக்கு 3 இலக்குகளை வீழ்த்தி ஆட்ட நாயகனானார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன் தமது முதல் பன்னாட்டு இருபது20 ஆட்டத்தை ஆடியதும் இப்போட்டியிலேயே. ஆத்திரேலியப் பயிற்சியாளர் ஜஸ்டின் லாங்கர் இம்மாற்றம் குறித்து ஆட்ட நடுவருடன் வாதிட்டார். ஜடேஜா அத்தொடரின் எஞ்சிய இரு ஆட்டங்களிலும் ஆடவில்லை.

அடிபட்ட பின்னரும் ஓட்டம் குவிக்கும் வீரருக்கு மூளையதிர்ச்சி இருக்கக்கூடுமா என்ற ஐயமே இவ்வாதத்தின் அடிப்படை ஆகும். அறிகுறிகள் காலந்தாழ்ந்து தோன்றும் என்பதால் மருத்துவ நோக்கில் இது இயலக்கூடியதே. ஆயினும் வீரரின் சொல்லையும் மருத்துவரின் மதிப்பீட்டையும் தவிர்த்து, மூன்றாமவர் சரிபார்க்கத்தக்க அளவை எதுவும் இல்லாமையினால்தான் இத்தகைய ஐயங்கள் எழுகின்றன. குருதிக் குறிப்பான் ஆய்வுகளின் தேவை இங்கேயே தொடங்குகின்றது.

குருதிக் குறிப்பான்கள்

மூளையின் அணுக்கள் சிதையும்போது அவற்றில் உள்ள புரதங்கள் மிகச்சிறிய அளவில் குருதியில் கலக்கின்றன. இவற்றை அளந்து காயத்தை மதிப்பிடலாம் என்பதே இம்முறையின் கோட்பாடு. முதன்மையான குறிப்பான்கள் பின்வருமாறு:

* ஜி.எஃப்.ஏ.பி. - நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் விண்மீன் வடிவ அணுக்களின் புரதம். அடிபட்டு ஏறத்தாழ 20 மணி நேரத்தில் உச்சத்தை எட்டும்.
* யு.சி.எச்.எல்.1 - நரம்பணுக்களின் உடலில் உள்ள நொதியம். ஏறத்தாழ 8 மணி நேரத்தில் உச்சத்தை எட்டி விரைவில் குறையும்.
* டௌ - நரம்பிழைகளின் உட்கட்டமைப்பைத் தாங்கும் புரதம்.
* நரம்பிழை மெல்லிழைப் புரதம் - மெதுவாக உயர்ந்து வாரக்கணக்கில் நீடிக்கும். நீண்டகால மாற்றங்களை அறிய உதவும் எனக் கருதப்படுகின்றது.
* எஸ்100பி - ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இடம்பெற்றது. கொழுப்புத் திசு போன்ற பிற இடங்களிலிருந்தும் குருதியில் கலப்பதாலும், கடும் உடற்பயிற்சிக்குப் பின் தலையில் அடியின்றியே உயர்வதாலும், விளையாட்டு வீரர்களிடம் இதன் பயன் குறைவு.

ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 பெப்ரவரியில் ஜி.எஃப்.ஏ.பி., யு.சி.எச்.எல்.1 ஆகிய இரண்டையும் அளக்கும் குருதிச் சோதனைக்கு முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. 2024 ஆம் ஆண்டில் நோயாளியின் படுக்கையருகிலேயே ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிவு தரும் முழுக்குருதிச் சோதனைக்கும் ஒப்புதல் வழங்கப்பட்டது. இவை 18 வயது நிரம்பியோருக்கு, சி.டி. படம் எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வதற்கு மட்டும் ஏற்கப்பட்டவை. மூளையதிர்ச்சி உண்டா இல்லையா என்பதையோ, வீரர் எப்போது களம் திரும்பலாம் என்பதையோ இவை கூறா.

வீரர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளுள் 2014 இல் வெளியான சுவீடிய ஆய்வு குறிப்பிடத்தக்கது. தொழில்முறைப் பனி வளைகோல் பந்தாட்ட வீரர்களுள் மூளையதிர்ச்சி அடைந்த 28 பேரின் குருதியில் டௌ புரதம் உயர்ந்திருந்ததும், அடிபட்ட முதல் மணி நேரத்தில் அது மிகுந்திருந்ததும் அதில் கண்டறியப்பட்டன. அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடம் 2014 இல் தொடங்கிய பேராய்விலும் அடிபட்ட வீரர்களின் குறிப்பான்கள் குழுவளவில் உயர்ந்திருந்தன. ஆனால் அடிபட்டோர், அடிபடாதோர் ஆகியோரின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், தனி ஒருவரின் ஒற்றை அளவைக் கொண்டு முடிவு செய்வது கடினம்.

மூளைப் படிமங்கள்

சி.டி. படம் எலும்பு முறிவையும் குருதிக் கசிவையும் விரைவாகக் காட்டும். அவசர நிலையில் இதுவே முதன்மையானது. அது இயல்பாக இருப்பின் உயிருக்கு உடனடி அபாயம் குறைவு என்று மட்டுமே கொள்ளலாம். மூளையதிர்ச்சி இல்லை எனக் கொள்ளுதல் தவறாகும்.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தின் சிறப்பு முறைகள் நுண்ணிய மாற்றங்களைக் காட்டுகின்றன. விரவல் படிமம் நரம்பிழைக் கற்றைகளின் ஊடே நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை அளந்து அக்கற்றைகளின் நிலையை மதிப்பிடுகின்றது. செயற்பாட்டுப் படிமம் மூளைப் பகுதிகளின் இயக்கத்தையும், குருதியோட்டப் படிமம் குருதி வரத்தையும், காந்த ஒத்ததிர்வு நிறமாலை மூளையின் வேதிப்பொருள்களையும் ஆராய்கின்றன.

2008 இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், மூளையதிர்ச்சி அடைந்த 13 வீரர்கள் நிறமாலை முறையில் தொடர்ந்து சோதிக்கப்பட்டனர். அறிகுறிகள் 3 முதல் 15 நாட்களில் நீங்கிவிட்டதாக அவர்கள் கூறினர். ஆனால் நரம்பணுக்களின் நலத்தைக் காட்டும் வேதிப்பொருள் இயல்பு நிலைக்குத் திரும்ப 30 நாட்கள் ஆயின. இடையில் இரண்டாம் முறை அடிபட்ட மூவருக்கு 45 நாட்கள் ஆயின. சிறிய ஆய்வாயினும், தலைவலி நீங்குவதும் மூளை மீளுவதும் ஒன்றல்ல என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

2022 அக்டோபரில் ஆம்சுடர்டாமில் நடைபெற்ற ஆறாவது பன்னாட்டு மாநாட்டின் அறிக்கை 2023 இல் வெளியானது. குருதிக் குறிப்பான்களும் உயர்நிலைப் படிமங்களும் ஆராய்ச்சிக்குப் பயனுள்ளவை என்றும், அன்றாட மருத்துவப் பயன்பாட்டுக்கு இன்னும் உரியவை அல்ல என்றும் அது கூறுகின்றது.

களம் திரும்புதல்

மேற்கூறிய அறிக்கையின்படி, ஐயத்திற்குரிய வீரரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். அன்றே திரும்ப ஆடவிடலாகாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் கடும் உழைப்பைக் குறைத்து, அன்றாட இலகுவான வேலைகளைச் செய்யலாம். இருட்டறையில் நாட்கணக்கில் படுத்திருக்கும் பழைய முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதன்பின் படிநிலைகள் வருமாறு:

# அறிகுறிகளை மிகுக்காத அன்றாடச் செயல்கள்
# நடை, மிதிவண்டி போன்ற இலகுப் பயிற்சி
# தனித்துச் செய்யும் ஓட்டமும் விளையாட்டுப் பயிற்சியும்
# உடல் மோதல் இல்லாத குழுப் பயிற்சி
# மருத்துவ ஒப்புதலுக்குப்பின் முழுப் பயிற்சி
# போட்டி ஆட்டம்

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் வேண்டும். வளர்ந்தோரில் பெரும்பாலோர் இரண்டு வாரங்களிலும், சிறுவர்கள் நான்கு வாரங்களிலும் மீளுகின்றனர். மாணவர்கள் விளையாட்டுக்கு முன் படிப்புக்கு முழுமையாகத் திரும்பியிருத்தல் வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில்

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளான பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் சடுகுடு எனப்படும் கபடி பரவலாக ஆடப்படுகின்றது. பன்னாட்டுப் போட்டிகள் மெத்தை விரிப்பில் நடைபெற, ஊர்த் திருவிழாப் போட்டிகள் பெரும்பாலும் மண் தரையிலேயே நடைபெறுகின்றன. பாடி வருபவரைப் பலர் சேர்ந்து பிடித்து வீழ்த்தும்போது தலை தரையில் மோதுவதும், எதிராளியின் முழங்காலிலோ தோளிலோ இடிபடுவதும் மூளையதிர்ச்சிக்கு வழிவகுக்கக் கூடியவை. சில ஊர்களில் நடைபெறும் சல்லிக்கட்டில் காளை தூக்கி எறிவதால் தலையில் அடிபடலாம். 2017 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து வகுக்கப்பட்ட விதிகளின்படி சல்லிக்கட்டுக் களத்தில் மருத்துவக் குழு இருத்தல் வேண்டும். ஊர்க் கபடிப் போட்டிகளில் அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் போட்டி நடத்துவோரின் முயற்சியைப் பொறுத்ததாகும்.

அடிபட்டு விழுந்தவரின் முகத்தில் நீர் தெளித்து, மயக்கம் தெளிந்ததும் மீண்டும் ஆட அனுப்புவது ஊர்க் களங்களில் காணப்படும் வழக்கம். மேற்கூறியவற்றை நோக்குமிடத்து இது ஆபத்தானது. அபாய அறிகுறி உள்ளவருக்கு 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும். அரியலூரில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை உள்ளது. திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன.

2025 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பெங்களூர் நிம்கான்சு, போபால் எய்ம்சு ஆகியவற்றின் பங்களிப்புடன் உருவான செரிபோ என்னும் கையடக்கக் கருவி அறிவிக்கப்பட்டது. அண்மை அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு மண்டையோட்டினுள் குருதிக் கசிவை அறியும் இக்கருவி, சி.டி. வசதி இல்லாத ஊர்ப்புறங்களை நோக்கமாகக் கொண்டது. மூளையதிர்ச்சியை அறிவது இதன் பணி அன்று.

களம் திரும்பும் முடிவுக்குக் குருதிச் சோதனையோ சிறப்புப் படிமமோ உலகின் எப்பகுதியிலும் இன்னும் பரிந்துரைக்கப்படவில்லை. ஆட்டத்திலிருந்து விலக்குதல், ஒருவர் உடனிருந்து கவனித்தல், படிப்படியாகத் திரும்புதல் ஆகிய மூன்றுமே இன்றைய நடைமுறை. இவற்றுக்குப் பெருஞ்செலவோ உயர்தொழில்நுட்பமோ தேவையில்லை. எனவே இவற்றைப் பெரு நகர விளையாட்டரங்குகளில் கடைப்பிடிப்பது போன்றே ஊர்க் களங்களிலும் கடைப்பிடிக்க இயலும்.

நீண்டகால விளைவுகள்

குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் தடுமாற்றமும் மறதியும் 1928 ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டன. அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் மைக் வெப்சுடரின் மூளையை 2002 இல் ஆராய்ந்த நைசீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, அதில் டௌ புரதப் படிவுகளைக் கண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய இந்நோயை இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதி செய்ய முடிகின்றது. உயிருடன் இருக்கும்போதே இதனை அறியவல்ல குருதிக் குறிப்பானையும் படிம முறையையும் கண்டறிவது இத்துறை ஆய்வுகளின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றாகும்.